அண்ணி போட்ட பாட்டு

பெட்டியைக் கீழே வைத்துச் செருப்பைக் கழற்றுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

நாலு பெண்கள் கூட்டாகப் பாடி ஆடுகிற அதே பாட்டு. ஆறு மாதமாக முடி வெட்டும் கடை, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட வேன் என்று எங்கே போனாலும் அதுதான். வார்த்தையில் பாதி எந்த பாஷை என்றே தெரியாது. தாளம் மட்டும் நெஞ்சுக்குள் வந்து இடிக்கும்.

அப்பாவைப் பார்க்க லீவு போட்டு வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது.

அப்பா சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நிலம் அளந்து நடந்த மனுஷன். இப்போது உடம்பு கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். அப்படிப்பட்டவர் படுத்திருக்கிற வீட்டில் இந்தக் கூத்தா?

அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை வீடு அமைதியாகத்தான் இருக்கும். அப்பாதான், டீ போட்டுக் கொண்டுவா, கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கிவா என்று ஏதாவது சொல்லி அனுப்புவார். அவள் நகர்ந்தால் போதும், ஹாலில் ஸ்பீக்கர் அலறும்.

முதல் நாள் ஏழு தடவை. அவள் விரல் விட்டு எண்ணினாள்.

மறுநாள் சமையலறையில் போய் நின்றாள்.

"என்ன அண்ணி, வீடா இது, காலேஜ் ஹாஸ்டலா?"

அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பிடிச்சிருக்கு, போடறேன்."

"அப்பாவுக்குத் தலை வலிக்காதா?"

"மாமா ஒண்ணும் சொல்லலையே."

"எப்படிச் சொல்வார்? உங்க கையால சாப்பிடறவராச்சே."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு டீச்சர் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிகிறதாம். அண்ணி கையைத் தட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து நடந்து ஆடுகிறாளாம். மகனுக்குப் பெண் பார்க்கிற வயதில் இப்படி ஒரு துள்ளலா என்று அந்தத் தெருவே சிரிக்கிறதாம்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வேலையில் இருப்பதாகச் சொல்லி மழுப்பினான்.

அவ்வளவுதான். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் அவருடைய வேட்டி சட்டை, மருந்து டப்பா எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். அண்ணி சமையலறைக்குள் திரும்பிவிட்டாள். போகிற நேரத்தில் அந்த ஸ்பீக்கர் வேறு கண்ணில் பட்டது. எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கார் வந்திருச்சுப்பா. கிளம்புங்க."

அப்பா அவளைப் பார்த்தார். ஸ்பீக்கர் இருந்த இடத்தைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார்.

அறை வாசல்வரை எப்படியோ வந்துவிட்டார். அங்கே நின்றார்.

நின்றவர் நின்றவர்தான். பாதம் இரண்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி. முட்டி மட்டும் வெடவெடவென்று ஆடியது. நெற்றியில் வியர்வை.

"வாங்கப்பா."

"வர்றேம்மா. ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம் போயிற்று. கீழே கார்க்காரன் ஹாரன் அடித்தான். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உடம்பு முன்னால் சாய்ந்தது. கால் வரவில்லை.

"இழுக்காதேம்மா, விழுந்துடுவார்!"

அண்ணி ஓடிவந்து அவர் தோளைத் தாங்கி நிமிர்த்தினாள். ஸ்பீக்கரைத் தேடினாள், கிடைக்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமனாருக்கு எதிரில் நின்று, கையைத் தட்டி, அந்த நாலு பெண்களின் பாட்டைத் தானே பாட ஆரம்பித்தாள்.

சுருதியும் இல்லை, ஒன்றும் இல்லை. தாளம் மட்டும் பிசகவில்லை. வலது, இடது என்று ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தாள்.

மூன்றாவது தட்டலில் அப்பாவின் வலது கால் எழுந்தது. பிறகு இடது. வாசலைத் தாண்டினார். கண்ணை அண்ணியின் பாதத்திலேயே வைத்துக்கொண்டு, ராணுவக்காரர் மாதிரி, ஹாலின் குறுக்கே நாற்காலிவரை நடந்து வந்து உட்கார்ந்தார்.

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். நடுக்குவாதமாம், பார்க்கின்சன் என்கிறார்களே அது. கால் நன்றாகத்தான் இருக்கிறதாம். நட என்கிற கட்டளைதான் தலையிலிருந்து போவதில்லையாம். தாளம் காதில் விழுந்தால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொன்னாராம். கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள், பஜனைப் பாட்டு, ராணுவ பேண்டு எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அசையாத கால் இந்தப் பாட்டுக்கு எழுந்ததாம். பாத்ரூமுக்குக்கூட யாரையும் தூக்க விடாமல் தானே நடந்து போகிறாராம்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் என்னென்ன பேசிட்டேன்."

அண்ணி மாமனாரைப் பார்த்தாள்.

"அவளைக் கேக்காதே. சொல்லக் கூடாதுன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டது நான்தான்." அப்பா தலை நிமிரவில்லை. "நீ பத்தாங் கிளாஸ்ல இந்த மாதிரி ஒரு பாட்டுக்கு ஆடினதுக்கு உன்னை அடிச்சு, உன் டேப் ரெக்கார்டரை மாடியிலேருந்து தூக்கி எறிஞ்சவன்மா நான். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்றது?"