அட்ரஸ் இல்லாமல்

புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கணினிக்கு அட்ரஸ் கிடைக்கவில்லை.

ஒயர்காரர் அவளுடைய மேசைக்கடியில் படுத்துக் கிடந்தார். கட்டட வரைபடம் போட்டுத் தரும் அந்தச் சிறிய அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். கணினி, பிரிண்டர், மின்விசிறி என்று எது மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கேபிளை மாற்றினார். பலனில்லை.

கணினிகள் காலையில் கண் விழித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும்: எனக்கு யாராவது ஓர் அட்ரஸ் கொடுங்கள். அலமாரி மேலிருக்கும் ரவுட்டர், காலியாக இருக்கும் எண்களில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால், கணினி தனக்குத் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கணினி அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்பா, அடியிலேயே குடித்தனம் நடத்துறியா? மத்தியானத்துக்குள்ள எஸ்டிமேட் போகலேன்னா அந்த வேலை எதிர்த் தெருக்காரனுக்குப் போயிடும்."

சொன்ன பிறகு என்னவோ தோன்றி, முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

ஒயர்காரர் கணினியை அணைத்துப் போட்டார். சுவரில் வேறு துளையில் செருகினார். துளைக்குள் ஊதினார். எலி கடித்திருக்கலாம் என்றார். அந்தக் கட்டடத்தில் எலி கிடையாது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அண்ணா, ரவுட்டர் பேஜைத் திறந்து யார் யார் உள்ள இருக்காங்கன்னு பார்த்தாலே தெரிஞ்சிடுமே?"

அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொழிலுக்கு வந்த அன்றே யாருக்கும் அது தெரிந்துவிடும்.

முப்பது அட்ரஸுக்கு மேல் கொடுக்காதே என்று ரவுட்டருக்குச் சொல்லி வைத்தவரே அவர்தான். ஆளுக்கு இரண்டு செல்போன், மூன்று செல்போன் என்று ஆகி லைன் படுத்துக்கொண்ட நாளில் முதலாளி இட்ட உத்தரவு. முப்பதும் நிறைந்திருக்கின்றன என்பது, தலையை உள்ளே நுழைக்கும் முன்பே அவருக்குத் தெரியும்.

பக்கத்தைத் திறந்தால் முப்பது பெயரும் வரிசையாக வரும். முதலாளி கூடவே குனிந்து படிப்பார். முப்பதாவது பெயரில் அவர் கண் நின்றுவிடும்.

திட்டமாட்டார். நல்ல மனிதர். தோளில் கை வைத்து, இதை எடுத்துடலாமேப்பா என்பார். ஒயர்காரருக்கு அந்தக் கையை நினைத்துத்தான் பயம்.

புதிய பெண்ணுக்குக் கொடுத்திருக்கும் அந்த ஜன்னலோர இருக்கையில் போன மழைக்காலம் வரை கணக்கு எழுதியவர் ஒயர்காரருடைய மனைவி. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். வழியெல்லாம் சண்டை, கதவைத் திறந்ததும் அவரவர் மேசை. கண்ணாடி, பர்ஸ், வண்டிச் சாவி என்று அவர் எதைத் தொலைத்துவிட்டுத் தேடினாலும், ஜன்னல் பக்கமிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் வரும்.

"நான் மட்டும் இல்லேன்னா நீங்க அட்ரஸ் இல்லாமப் போயிடுவீங்க."

மொத்த அலுவலகமும் சிரிக்கும். சாவி அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கும்.

ஒயர்காரர் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். தன் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். பிடித்துக்கொண்டிருக்கும் அட்ரஸை விட்டுவிடு என்று சொல்கிற வரி.

அது விட்டுவிட்டது.

திரும்பி வந்து, இப்போது போட்டுப் பாரும்மா என்றார்.

கணினி குரல் கொடுத்தது. ரவுட்டர் பதில் சொன்னது. எஸ்டிமேட் போயிற்று. எதிர்த் தெருக்காரனுக்கு அன்று அதிர்ஷ்டம் இல்லை.

என்னதான் கோளாறு என்று முதலாளி கேட்டார். கேபிள்தான் என்றார் ஒயர்காரர். புதிய பெண் கேபிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு கழற்றிப் போட்டதைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். நல்ல பெண். கணக்குக்குப் பொருத்தமானவள்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அவர் தன் மேசையில் தனியாக உட்கார்ந்தார். எதிரே திரையில், அட்ரஸ் இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. சொன்ன வாக்கு பலித்துவிட்டது.

செல்போனை எடுத்தார். தினமும் இந்த நேரத்துக்கு அனுப்புவது போல், சாப்பிட்டியா என்று எழுதினார். பிறகு அதை அழித்துவிட்டு, நீ சொன்னது நடந்துடுச்சு என்று எழுதி அனுப்பினார்.

ஒரு டிக் விழுந்தது.

போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது விழும். மனைவியின் செல்போனில் இருந்த சிம்மை நிறுத்திப் பல நாளாகிறது. அதற்கு இப்போது இந்த அலுவலகத்தின் வைஃபை ஒன்றுதான் வழி. அதனால்தான் காலையில் அதுவும் அவரோடு ஸ்கூட்டரில் வருகிறது.

காத்திருந்தார்.

இரண்டாவது டிக் விழுந்தது.

அவருடைய மேசையின் இழுப்பறைக்குள், சார்ஜரில் கிடந்த முப்பதாவது, ஒரு தடவை உறுமி அடங்கியது.