நிமிரும் விரல்

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சல் எட்டாத அறை. விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். "பாம்ப உள்ள உட்டு இன்னாத்த தேடுவீங்கோ, கண்ணு?" என்று கேமராக் குழாயைப் பார்த்துச் சற்றுமுன் கேட்டுச் சிரித்த கன்னியம்மாள், இப்போது மருந்தில் அரைத்தூக்கமாய்க் கிடக்கிறாள், கண்களை மெல்லிய துணியால் மூடியிருக்கிறார்கள். இருமல் வந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்கச் சொல்லி, அந்தக் கையைச் செவிலி ஹேமாவதி பிடித்திருக்கிறாள். அந்தக் குழாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிய அல்ட்ராசவுண்ட் கருவி, சிக்னல் போன டிவி மாதிரி, திரையில் வெள்ளைப் புள்ளிகளாய்க் கொதிக்கிறது. காற்று நிறைந்த நுரையீரல் அப்படித்தான் தெரியும். வலப்பக்கம் ஒரு கட்டி என்கிறது ஸ்கேன். இன்றும் அதிலிருந்து பரிசோதனைக்குச் சதை கிடைக்காவிட்டால் மார்பைத் திறந்துதான் எடுக்க வேண்டும். டாக்டர் மேக்ஸ்வெல் கால்மணி நேரமாகத் தேடுகிறார். கன்னியம்மாளின் விரல் நிமிர்கிறது. இருமல் வரவில்லை. அடுத்த நொடி திரையில் கருவட்டம், அந்தக் கட்டி. கருவி விலகினால் விரல் படுக்கிறது. திரும்பினால், வட்டம் தெரியும் முன்பே எழுகிறது. ஹேமாவதி விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "சிக்கிடுச்சு" என்கிறார் டாக்டர். சின்ன இடுக்கி நான்கு முறை உள்ளே போய் நான்கு துணுக்குகளைக் கொண்டுவருகிறது. "லெஃப்ட் சைடு ஸ்கேன்ல க்ளீன்தான். சும்மா ஒரு பார்வை பாத்துட்டு முடிச்சிரலாம், சிஸ்டர்." குழாயின் கேமரா இடப்பக்கம் திரும்புகிறது. ஈரமான இளஞ்சிவப்புச் சுவர்கள், வேறொன்றுமில்லை. விரல் அசைகிறது. ஹேமாவதி சட்டென்று அதைத் தன் கைக்குள் மூடிக்கொள்கிறாள்.

"என்ன, இருமலா?"

"இல்ல சார்."

மூடிய கைக்குள் அந்த விரல் மெல்ல மெல்ல நிமிரப் பார்க்கிறது.