ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எலும்பு கையோடு வந்துவிட்டது.

ஹாலிஸ் அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பன்னிரண்டு மணி நேரப் புகையில் பன்றித் தோள்கறி கருத்து வெடித்திருந்தது. எலும்பு இழுக்காமல் வந்தால் கறி வெந்துவிட்டது என்று அர்த்தம்.

புகையடுப்புக்கு அந்தப் பக்கம் மூத்தவன் டுவைட் ஒரு காகிதத்துடன் நின்றான்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கப்பா. நாளைக்கு வக்கீல்ட்ட குடுக்கணும்."

மூன்றே வரி. போன ஜூலையில் அந்த ஞாயிறு காலை அணை அலுவலகத்துக்குப் போன் செய்து பதிவுச் செய்தியைக் கேட்டேன். இன்று தண்ணீர் திறப்பு இல்லை என்றது. அதை என் இரண்டு மகன்களிடமும் சொன்னேன்.

கடைசி வரி மட்டும் உண்மை.

அந்த ஓசார்க் மலைப் பள்ளத்தாக்கில் போன் செய்யாமல் யாரும் ஆற்றில் கால் வைப்பதில்லை. அணைக்குக் கீழே ஓடும் தண்ணீர் குளிர்ந்தது. டிரவுட் மீனுக்கு அதுதான் வீடு. தூண்டிலில் இறகால் கட்டிய போலிப் பூச்சியை வீசி அதைப் பிடிக்கிறவன் நடு ஆற்றில்தான் நிற்க வேண்டும். மேலே அணையில் மின் எந்திரங்கள் சுழன்றால் முழங்கால் தண்ணீர் சற்று நேரத்தில் மார்புக்கு வந்துவிடும்.

வீட்டில் தங்கி நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவர் அணைக்கும் போன் செய்து கேட்டுச் சொல்ல வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். முட்டி தேய்ந்த பிறகு தங்குகிறவர் ஹாலிஸ்தான். பள்ளத்தாக்கில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. வீட்டுப் போன் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது.

அந்த ஜூலை ஞாயிறன்று விறகில் ஈரம். வெள்ளைப் புகை கக்கியது. வெள்ளைப் புகை கறியைக் கசக்க வைத்துவிடும். அவர் மண்டியிட்டுக் காற்றுத் துவாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

வண்டியிலிருந்து சின்னவன் லைல் கத்தினான். "அப்பா, அணைக்குப் பேசினீங்களா, இல்ல அந்தப் பன்னிகூடத்தான் பேசிட்டிருக்கீங்களா?"

அவர் திரும்பாமலே கத்தினார். "பேசியாச்சு. தண்ணி கிடையாது. போங்கடா."

புகை சரியானதும் உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமையில் தண்ணீர் திறந்து இருபது வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

புகை மெலிந்து நீலமானது. பார்க்க அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிறு வெயில் நூற்று நான்கு டிகிரியைத் தொடும் என்றிருந்தார்கள். நகரத்தில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடியது. மின்சாரம் போதாமல் ஒன்பது மணிக்கு அணை எந்திரங்கள் சுழன்றன.

டுவைட் கரைக்குப் பக்கத்தில் நின்றதால் ஏறிவிட்டான். தூண்டில் கழியை நீட்டினான். லைல் எட்டிப் பிடித்தான். நான்கு துண்டுகளைச் செருகிய கழி அது. நடுவில் கழன்று, பாதி டுவைட்டின் கையில் நின்றது.

அந்தப் பாதியோடுதான் வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகும் ஹாலிஸ் ஞாயிறுதோறும் அடுப்பை மூட்டினார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

"அணை ஆபீஸ்ல தெனமும் பழசு மேலயே புதுச் செய்தியப் பதிஞ்சிடுவாங்களாம்," என்றான் டுவைட். "உள்ளூருக்குப் பேசினது போன் பில்லுலயும் வராது. நீங்க ஒருத்தர்தாம்பா ஆதாரம்."

ஹாலிஸ் கறியைப் பிய்த்தார்.

"அந்த ஆர்வில்தான் அதைப் பேசிப் பதியறவன். ஒரு பையனைக் கொன்னுட்டு, சர்ச்சுல நமக்கு முன் பெஞ்சில உக்காந்து எப்படிப்பா அவனால பாட முடியுது? எனக்கு வேற எதுவும் வேண்டாம். தப்பாச் சொன்னோம்னு அவன் வாயால வரணும்."

"கையெல்லாம் கொழுப்பு," என்றார் ஹாலிஸ்.

"தொடச்சுக்குங்க."

சமையலறைக் கதவு திறந்தது. அவர் மனைவி வெர்னா பிஸ்கட் ரொட்டியும் பீன்ஸும் கொண்டு வந்தாள். ஒரு வருடமாக அவள் புகைக்கறியைத் தொடுவதில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர் என்பாள்.

தட்டை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். நின்றபடி படித்தாள். மூன்று வரியைப் படிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஹாலிஸ் வாயைத் திறந்தார்.

"பேனா குடுடா," என்றாள் வெர்னா. "சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்ல?"

"நீங்க கேட்டீங்களாம்மா?"

"அப்பா போன் பேசறப்ப நான் பக்கத்துலதான மாவு பிசைஞ்சிட்டிருந்தேன்."

கையெழுத்திட்டாள். டுவைட் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

அவளுக்கு நாள் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்ள ஹாலிஸ் முயன்றார்.

மாவுப் பலகைக்கு ஒரு முழத்தில்தான் போன். அன்று விடியலிலிருந்து, டுவைட் அந்தப் பாதிக் கழியோடு வாசலில் வந்து நிற்கும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். பலகைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது. பேசியாச்சு என்று முற்றத்தில் அவர் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவளும் போனை எடுக்கவில்லை.

வெர்னா காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். எலும்புக்கு அருகில் பேனாவை வைத்தாள்.

"போடுங்க," என்றாள். "கறி ஆறுது."