அரிசிக்குள் போன லேப்டாப்

கோமதிநாயகம் கை பட்டு காபி டம்ளர் சாய்ந்தது. அத்தனை காபியும் லேப்டாப்பின் கீபோர்டுக்குள் இறங்கியது. தெருமுனையிலேயே ரிப்பேர் கடை இருந்தது. மனுஷன் அங்கே போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று லேப்டாப்பை அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினார்.

"யாருப்பா அது? காபி வாசனை வருது," என்றது அரிசி.

"லேப்டாப். என் ஈரத்தை நீங்க உறிஞ்சி எடுப்பீங்களாம்."

"நல்ல கூத்து! உன் வயித்துக்குள்ள புகுந்து துடைக்க எங்களுக்கு என்ன கையா இருக்கு? பிரிச்சுத் துடைக்கத் தெரிஞ்சவன்கிட்ட நீ போகணும்."

"அதை அவர்கிட்ட யார் சொல்றது? அவர் மக கல்யாண போட்டோ எல்லாம் எனக்குள்ளதான் இருக்கு."

"அப்ப அசையாம படு. காயறவரைக்கும் உனக்குள்ள கரண்ட் மட்டும் பாயக் கூடாது."

மூடி திறந்தது. "உயிர் இருக்கா பார்ப்போம்," என்று கோமதிநாயகம் பட்டனை அமுக்கினார். திரை லேசாகச் சிமிட்டி அணைந்தது. திரும்பவும் புதைத்தார்.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தெரியாதா இவருக்கு?" என்று கத்தியது அரிசி.

"பாசம்," என்றது லேப்டாப் ஈனக்குரலில்.

சாப்பிடும் முன் வந்து அமுக்கினார். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து அமுக்கினார். உள்ளே 'பட்' என்று ஏதோ வெடித்தது. கருகல் வாசனை வந்தது. அதற்கப்புறம் லேப்டாப் பேசவில்லை.

கோமதிநாயகம் ஒரு பிடி அரிசியை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றார் மனைவியிடம். "இது புழுங்கல் அரிசி. பச்சரிசியில வச்சிருக்கணும்."