மறையாத ராஜகளை

பிரிண்டரில் மை மாற்றத் தெரியாதவன் தெரிந்த மாதிரி கை வைத்தால் என்ன ஆகும்? மேனேஜரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு மை. இதோ புது முதலாளி வந்துவிடுவார். இங்கே யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை.

"யோவ் வாட்ச்மேன், உன் யூனிஃபார்ம் சட்டையைக் கழட்டு. நீ வீட்டுச் சட்டையைப் போட்டுக்க."

"உங்களை வாட்ச்மேன்னு நெனச்சிடுவாருங்க."

"சின்ன வயசுல ஒரு படம், பாத்துப் பாத்து மனப்பாடம்யா எனக்கு. ராஜா வேலைக்காரன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள போவான். பாத்ததுமே எல்லாரும் கும்பிடுவாங்க. ராஜகளையை மறைக்க முடியாது. உனக்கெல்லாம் அது எங்க புரியப் போகுது!"

'கழுதைக்குப் பேரு முத்துமாலையாம்' என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, வாட்ச்மேன் சட்டையைக் கழட்டிக் கொடுத்தார்.

கார் வந்தது. மேனேஜர் பல்லை இளித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது? வாட்ச்மேன் எந்நேரமும் தூங்கி வழியறான், வேலையை விட்டு நிறுத்துங்கன்னு மேனேஜர் போன்ல ஒரே புலம்பல். இப்பவே கிளம்பு."

வாட்ச்மேனுக்குச் சுருக்கென்றது. இந்தப் புண்ணியவானுக்கா சட்டையைக் கழட்டிக் கொடுத்தோம்?

"சார், நான்தான் மேனேஜர்!" என்று அலறினார் மேனேஜர்.

முதலாளி, வீட்டுச் சட்டையோடு நின்ற வாட்ச்மேனிடம் திரும்பினார். "பெரியவரே, இந்த ஆள் சொல்றது நெசமா?"

"மேனேஜரா இல்லையான்னு எனக்கென்னங்க தெரியும்?" என்றார் வாட்ச்மேன். "ஆனா தூங்குறது வாஸ்தவம். தினமும் மத்தியானம் நான்தான் எழுப்பி விடறேன்."