வளைவில் ஒரு முனகல்

"இது மூணாவது தடவை மாப்ளே. இன்னிக்கும் இந்தச் சத்தம் போகலேன்னா, வண்டியை இங்கயே போட்டுட்டு நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்."

வேனிலிருந்து இறங்கிய டிரைவர், கதவை அறைந்து சாத்தினார். லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினான். டிரைவர் அவனுடைய அக்கா புருஷன். கோபித்துக்கொள்ளவும் முடியாது, விரட்டவும் முடியாது.

"போன வாரம்தானே மாமா கிரீஸ் வச்சு அனுப்பினேன்?"

"வச்சே. ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்துச்சு. மூணாம் நாள் பழையபடி ஆரம்பிச்சிடுச்சு. வலது பக்கம் ஒடிச்சா 'ம்ம்ஈஈ'ங்குது. இடது பக்கம் ஒடிச்சா அதைவிட இழுத்து முனகுது."

"பாட்டு கீட்டு போட்டுட்டு ஓட்டுங்களேன். காதுல விழாது."

"என் வண்டியில பாட்டா? நல்லா சொன்னே போ!" டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து என் பக்கத்துல உட்கார்ந்து வந்த அம்மா, வளைவுக்கு வளைவு திடுக்குனு திரும்பிப் பார்க்குது. 'ஸ்டியரிங் சத்தம்தாம்மா, பயப்படாதீங்க'ன்னு வழி பூரா சொல்லிட்டே போனேன். நாலாவது வளைவுல ஓன்னு அழ ஆரம்பிச்சிடுச்சு. முதலாளிகிட்ட புகார் போயிருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற டிரைவரை வச்சுக்கறேன்னுட்டார்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. மனுஷன் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும்.

"ஏறி உட்காருங்க. எஞ்சின் வேணாம். நான் சொல்லும்போது ஸ்டியரிங்கை மெதுவா திருப்புங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையை ஸ்டியரிங் ராடின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான்.

"திருப்புங்க."

'ம்ம்ஈஈ...'

"இங்க இல்ல. இன்னொரு தடவை."

'ம்ம்ஈஈ...'

"இங்கயும் இல்ல. மறுபடியும்."

"டேய், கை விட்டுப்போச்சுடா எனக்கு! காதுல டியூபை வச்சுக்கிட்டு டாக்டர் வேலையா பார்க்கிறே?"

"சும்மா இருங்க மாமா. நீங்க முனகுறதுல வண்டி முனகுறது கேட்க மாட்டேங்குது."

அரை மணி நேரம் இருவரும் மாறி மாறி எரிந்து விழுந்தார்கள். கடைசியில் மெக்கானிக், பெடல்களுக்கு நடுவே தலையை நுழைத்தபடியே கத்தினான்.

"அகப்பட்டுச்சு! ராடு தரையைத் துளைச்சுக்கிட்டு இறங்குற இடத்துல ஒரு ரப்பர் வளையம் இருக்கு. காய்ஞ்சு தோலாட்டம் சுருங்கி, ராடைக் கவ்விப் பிடிச்சிருக்கு. நான் இதுக்கு மேலயே கிரீஸைத் தடவிட்டு இருந்திருக்கேன்."

"இதைக் கண்டுபிடிக்க உனக்கு மூணு வாரம்!"

புது வளையம் மாட்டி, ரப்பருக்கென்றே உள்ள கிரீஸைத் தடவினான். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிப் பத்து தடவை வந்தார். வலது, இடது, முழு வட்டம். ஒரு சத்தமும் இல்லை.

"மறுபடியும் வந்துச்சுன்னா?"

"வந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன் மாமா. போதுமா?"

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மெக்கானிக்கின் போன் அடித்தது.

"மாப்ளே, தொழிலை மாத்திக்கோ," என்றார் டிரைவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதே முனகல். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன். இன்னியோட என் வேலை போச்சு!"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தான். "இருக்கவே இருக்காது மாமா. எந்தப் பக்கம் ஒடிச்சப்ப வந்துச்சு?"

"ஒடிக்கவே இல்ல. நேர் ரோடு."

"நேர் ரோட்டுல எப்படி வரும்? எஞ்சினை அணைச்சுட்டு இப்ப வலது பக்கம் திருப்புங்க."

"திருப்பிட்டேன். சத்தம் இல்ல."

"இடது பக்கம்?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வேலை நேரத்துல மனுஷன் உயிரை வாங்காதீங்க. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுங்க முதல்ல!"

"எடுத்துட்டேன்." டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப வருது மாப்ளே."

"எங்கேயிருந்து?"

போனில் கதவு திறக்கும் ஓசை. ஓடும் காலடிகள். ஒரு பெண்ணின் அலறல். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"மாமா! மாமா, என்னாச்சு?"

"நீ மட்டும் நேத்து அதைச் சரி பண்ணாம விட்டிருந்தா, இன்னிக்கும் 'ஸ்டியரிங்தாங்க, பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டே நேரா இடுகாட்டுக்குக் கொண்டுபோய் இறக்கியிருப்பேன்டா..." டிரைவர் விம்மினார். "பெட்டியைத் திறந்துட்டோம் மாப்ளே. பெரியவர் தண்ணி கேட்கிறார்!"