பால்குட வரிசை

“ஆம்பளைங்க வரிசையில வரட்டும். வேட்டி கட்டிக்கிட்டு வரட்டும். யாரு வேணாங்கறா?” என்றான் தீபன்.

மலேசியாவில் செமோர் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டத்துக் கோவில் அது. தோட்டம் போய், தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டாலும் மாரியம்மன் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. அதற்கான கடைசிக் கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. தீபன்தான் செயலாளர். பெண்களின் பால்குட வரிசையில் ஷாமினி பெயர் கொடுத்ததுதான் அன்றைய பிரச்சினை.

ஷாமினி திருநங்கை. இதே தோட்டத்தில் பிறந்து, இப்போது ஈப்போவில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள்.

“அண்ணே, ஆபரேசனுக்கு அப்புறம் எங்கம்மா எழுந்து நடந்தா பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். அம்மா இப்ப நடக்கறாங்க” என்றாள் அவள். “வேட்டி கட்டிக்கிட்டு வாரேன்னு நான் வேண்டிக்கலையே.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வருடா வருடம் பால்குடம் எடுக்கும் குமுதா சிரிக்கவில்லை.

“நாங்க தலையில தண்ணி ஊத்திக்கிட்டு ஈரப் பொடவையோட நடக்கறோம்லா. பக்கத்துல இவங்கள வச்சிக்கிட்டு எப்படிப் போறது? சொல்லுங்க தலைவரே.”

தலைவர் சன்னாசிக்கு இரண்டு பக்கமும் நல்லவராக இருக்க வேண்டும். நேராகப் பாப்பாவிடம் திரும்பினார். “பாப்பாக்கா, முப்பது வருசமா முதல் குடம் எடுக்கறது நீங்க. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

பாப்பா தீபனின் அம்மா. அறுபத்து நான்கு வயது. கூட்டத்தில் அதிகம் பேச மாட்டாள். “நான் என்னத்தச் சொல்ல?” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மாவ ஏன் இழுக்கறீங்க தலைவரே?” என்றான் தீபன். “இதுல சண்டையே வேணாம். ஐசி எதுக்கு இருக்கு? லெலாக்கின்னு போட்டிருந்தா ஆம்பள. பெரம்புவான்னு போட்டிருந்தா பொம்பள. கார்டு என்ன சொல்லுதோ அதான் முடிவு. நாளைக்கு நம்மள யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்ன பழி இல்லை. பழி முழுக்க அடையாள அட்டைக்கு.

“அப்ப எல்லாரும் ஐசி கொண்டு வரணுமா? என்னோடது வீட்ல இருக்குலா” என்றாள் குமுதா.

“உங்களத் தெரியாதாக்கா? ஷாமினியோடது மட்டும் போதும்” என்றான் தீபன்.

ஷாமினி எழுந்துபோய்த் தன் அட்டையை மேசையில் வைத்தாள்.

“கிளினிக்ல இதுல உள்ள ஆம்பளப் பேரக் கூப்புடுவாங்க. நான் எந்திரிச்சா என் மூஞ்சியப் பாப்பாங்க, கார்டப் பாப்பாங்க, சிரிப்பாங்க. பேங்க்லயும் அதே கதைதான். இங்கயாவது அது இருக்காதுன்னு நெனச்சேன்.”

போன வருடம் அன்னதானத்தில் இதே ஷாமினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனவள் பாப்பா. அன்றைக்கு அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தாள். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும், கூட்டம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முதல் குடம் வழக்கம்போல அவளுக்குத்தான்.

தீபன் அட்டையைப் பார்த்தான். பேனாவை எடுத்துப் பெயர்ப் பட்டியலில் ஷாமினியைத் தேடினான்.

“இருப்பா” என்று எழுந்தாள் பாப்பா. “கார்டு சொல்றதுதான் முடிவா?”

“ஆமாம்மா.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்தான். ஆளுக்கு ஒரு சட்டமா வைக்க முடியும்?”

“பொறவு மாத்திப் பேசக்கூடாது.”

“அம்மன் முன்னால சொல்றேன், மாத்த மாட்டேன்” என்று அவன் சிரித்தான்.

பாப்பா கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தன் அடையாள அட்டையை எடுத்து, ஷாமினியின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அப்ப என் பேரையும் அடிச்சிடு.”

“என்னம்மா வெளையாட்டு இது?” என்று எடுத்துப் பார்த்தான். படத்தில் இருப்பது அம்மாதான். கீழே ‘லெலாக்கி’ என்று இருந்தது.

சன்னாசியும் எட்டிப் பார்த்தார்.

“தோட்டத்து ஆபீஸ் கிராணி பொறப்புப் பத்திரத்துல தப்பா எழுதிப்புட்டான். பாக்கறவங்க சிரிப்பாங்கன்னு பயந்து, செத்துப்போன உங்கப்பாகிட்டகூட இதக் காட்டல” என்றாள் பாப்பா மகனிடம், ஷாமினியின் கையைப் பிடித்துக்கொண்டு. “கார்டு சொல்றதுதான் நெசம்னா, பத்து மாசம் சுமந்து உன்னப் பெத்தது ஒரு ஆம்பளடா.”